நங்கூரமும் மின்மினியும் ஒரே ஆளா?

உங்களில் யாராவது ஒருத்தர் இந்நேரம் ஒரு பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அமுக்கவா வேண்டாமா என்று முழித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் இருந்து எழுந்து வந்தவள்தான் நானும். இப்போது வீட்டில் சும்மா இருக்கிறேன். சும்மா இருப்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது, எதை அமுக்கினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை விட்டுவிட்டு ஒரே ஒரு சங்கதியைச் சொல்கிறேன்.

நம் வேலைக்கு மட்டுறுத்துநர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் இணையப் பக்கத்தில் அறிவியல் செய்தி ஒன்று வரும். சூரிய மின்சாரம், ஹைட்ரஜன், பேட்டரி, கடலுக்குள் காற்றாலை, இப்படி ஏதாவது. அதற்குக் கீழே ஊர்பட்ட பேர் வந்து மல்லுக்கட்டுவார்கள். எல்லாவற்றையும் வாசித்து, கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டு, பொய்யை எடுத்துவிட்டு, ஆளை விட்டுவிட வேண்டும். என் மாமியார் கடைசிவரைக்கும், "மருமவ கம்ப்யூட்டர்ல சண்டை பாக்குதா" என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை.

அலுவலகம் சென்னையில். நான் தூத்துக்குடியில், வீட்டு மாடி அறையில். வடக்கு ஜன்னலைத் திறந்தால் உப்பளம். மத்தியான வெயிலில் பாத்திகள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசும். அதற்கு அந்தப்பக்கம் காற்றாலைகள் கால் இல்லாமல் அந்தரத்தில் நின்று சுற்றும். கானல் அப்படிக் காட்டும். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் கடல்காற்று உள்ளே வர ஆரம்பிக்கும் நேரம். திரையில் எழுத்து மேலேறிப் போய்க்கொண்டே இருக்கும். பாதி தூக்கத்தில் வாசிப்பேன். தூக்கத்தில் வாசிக்கலாமா என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில்தான் எழுத்துக்குப் பின்னால் இருக்கிற குரல் கேட்கும்.

அத்தனை பேருக்கும் என் மனசில் ஒரு முகம் இருந்தது. கீழவைப்பாரில் இருந்து எழுதுகிற ஒருவர், எந்தச் செய்தி வந்தாலும் முத்துச்சிப்பி திரும்பி வருமா என்றுதான் கேட்பார். அவரை ஒல்லியாக, உயரமாக நினைத்திருந்தேன். சாகுபுரம் குடியிருப்பில் இருந்து எழுதுகிற பெண், சிங்க்கில் பாத்திரம் கிடக்க, ஒரு கையால் தட்டச்சு செய்வதாக எனக்குத் தோன்றும். யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ஒருவர் இரண்டு நாள் எழுதாவிட்டால், என்னாச்சோ என்று இருக்கும். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் இருந்து வந்து, "இன்னைக்கு யாரு யாரை அடிச்சா?" என்று கேட்பார். நான் ஊர்ச்சங்கதி மாதிரி சொல்லிக்கொண்டிருப்பேன்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு ரொம்பப் பிரியமான இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பெயர் நங்கூரம். இன்னொருவர் பெயர் மின்மினி. எல்லாம் அவரவர் வைத்துக்கொண்ட பெயர். நங்கூரம் என்பவரை, வேலையை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்தபடி ஈசிச்சேரில் சாய்ந்திருக்கிற பழைய கப்பல் எஞ்சினியர் என்று நினைத்திருந்தேன். மின்மினியை ஏதோ விடுதியில் தங்கிப் படிக்கிற பெண் பிள்ளை என்று வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் கண்ணசந்தபோது, இரண்டு பேரும் முயல்தீவுப் பக்கம் கடல் வற்றின நேரத்தில் கரைத்தண்ணீரில் கால் நனைய நடந்துபோகிற மாதிரி கனவுகூட வந்தது. கனவில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டேதான் போனார்கள்.

இதற்கு நடுவில் என் விதி ஒன்றைச் சொல்ல வேண்டும். மீன் ஏலம் பார்த்திருக்கிறீர்களா? ஏலம் விடுகிறவர் முந்தின ஆள் கேட்ட விலையைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். அதற்குப் பிறகுதான் அடுத்த விலை ஏறும். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் நம் பக்கத்தில் நான் அந்த விதியைக் கொண்டுவந்தேன். எதிராளி சொன்னதை முதலில் உன் வாயால் ஒழுங்காகச் சொல்லு, பிறகு மறுத்துப் பேசு. பாதிப்பேர் ஒப்புக்குத்தான் செய்தார்கள். "இந்த மேதாவி சொல்ல வருவது என்னவென்றால்" என்று ஆரம்பிக்கும்போதே பல்லைக் கடிப்பது தெரியும்.

இவர்கள் இருவரும் அப்படி இல்லை. உப்பிலிருந்து பேட்டரி என்று ஒரு செய்தி வந்தது ஞாபகம் இருக்கும். லித்தியத்துக்குப் பதில் சோடியம் போட்டுச் செய்கிற பேட்டரி. எங்கள் ஊரில் உப்பு என்று எழுதிவிட்டால் போதும், உப்பளத்துக்காரர் முதல் கல்லூரிப் பிள்ளைகள் வரை அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். விலை குறையும், தீப்பிடிக்கிற பயம் குறைவு, ஆனால் அதே மின்சாரத்துக்கு எடை கூடுதல். இதை வள்ளத்தில் மாட்டினால் டீசல் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்பதுதான் வாக்குவாதம்.

நங்கூரம் இப்படி எழுதினார்: "மின்மினி சொல்வது இதுதான். கரையோரம் நண்டுவலைக்குப் போகிற வள்ளம் அதிக தூரம் போவதில்லை. அதற்கு எதற்கு இத்தனை புகையும் சத்தமும்? காலமெல்லாம் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து காது போன ஆட்களை இந்தக் கரையில் நிறையப் பார்க்கலாம். நியாயமான பேச்சு. ஆனால், போகிற தூரத்தை ஆள் தீர்மானிப்பதில்லை, கடல் தீர்மானிக்கிறது. நீரோட்டம் இழுத்துவிட்டால் திரும்பிவர அதைப்போல இன்னொரு பங்கு ஓட வேண்டும். டீசல் என்றால் கேனில் கூடக்கொஞ்சம் வைத்துக்கொள்வான். பேட்டரியை என்ன செய்வான்?"

அதற்கு மின்மினி: "நங்கூரம் சொல்வது இது. நின்றுபோன எஞ்சினோடு கடலில் மல்லுக்கட்டலாம். நின்றுபோன பேட்டரியை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும். வள்ளம் ஆடிக்கொண்டிருக்க, நாலு பேர் முன்னால் அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தால்தான் அவர் பேசுகிறார், கெட்ட எண்ணத்தால் இல்லை." இப்படிச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பை ஆரம்பித்தது.

இதை வாசித்துவிட்டு நான் டீ ஆறுகிற வரைக்கும் அப்படியே இருந்தேன். சண்டையில் இப்படி ஒரு பதவிசை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வினையும் அந்தப் பதவிசால்தான் வந்தது. நம் பக்கத்தில் 'ஆதாரம் எங்கே' என்ற பெயரில் ஒருவர் உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கம் பஞ்சாலை எஞ்சினியர். கெட்டிக்காரர். எதைச் சொன்னாலும் ஆதாரம் எங்கே என்று கேட்பார், பெயரே அதுதான். அவர் ஒருநாள் பொதுவில் எழுதிவிட்டார்: "எதிரியின் வாதத்தை இவ்வளவு நன்றாகச் சொல்ல ஒரே ஆளால்தான் முடியும். அந்த வாதத்தை எழுதினவனால். நங்கூரமும் மின்மினியும் ஒரே ஆள். மேலும் கவனியுங்கள், ஒருவர் இல்லாத நேரத்தில் மற்றவரும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் இல்லை. ஒரே ஆள் இரண்டு வேஷம் கட்டி நம்மை எல்லாம் முட்டாளாக்குகிறான்."

பற்றிக்கொண்டது. அன்று சாயங்காலத்துக்குள் வள்ளத்தையும் பேட்டரியையும் எல்லாரும் மறந்துபோனார்கள். இந்த இருவரும் ஒருவரா என்பதே பேச்சாக ஓடியது.

சென்னையில் எனக்கு மேலே ஒரு பெண் இருந்தாள். என்னைவிட ரொம்ப இளையவள், ஆனால் இந்த வேலையில் நான் கற்றதில் முக்கால்வாசி அவளிடம் கற்றதுதான். முன்கோபம் கிடையாது, முடிவெடுத்தால் மாற்றமும் கிடையாது. அவள் போன் செய்தாள்.

"அக்கா, செக் பண்ணிட்டேன். ரெண்டு அக்கவுண்ட்டும் ஒரே கனெக்‌ஷன்ல இருந்து வருது. தூத்துக்குடிதான். உங்க ஊர்."

"ஒரே வீட்டுல ரெண்டு பேரு இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். ஆனா இவ்ளோ தெரிஞ்சும் நாம சும்மா இருந்தா, நாளைக்கு எவனும் நம்மள நம்ப மாட்டான். ஒரே ஆள்னா ரெண்டு அக்கவுண்ட்டையும் தூக்கணும், எழுதினது அத்தனையும் அழிக்கணும். ரூல் அதான். நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

நான் இருவருக்கும் தனித்தனியே ஒரே கேள்வியை அனுப்பினேன். உங்கள் இடத்தில் இருந்து வேறு யாராவது நம் பக்கத்தில் எழுதுகிறார்களா, எழுதாமல் குரலில் பதிந்து அனுப்புங்கள் என்று. ஒரே ஆள் என்றால் குரலில் மாட்டிக்கொள்வான் இல்லையா, அதற்காக.

முதலில் நங்கூரத்தின் குரல் வந்தது. ஈசிச்சேர் கப்பல் எஞ்சினியர் இல்லை. கடைக்காரக் குரல்.

"அம்மா, கேட்டதுனால சொல்லுதேன். எங்களுக்குப் படகு எஞ்சின் சாமான் விக்குத கடை. எதிர்த்த மேசையில என் தம்பி இருக்கான். அந்த மின்மினி அவந்தான். கூடப் பொறந்தவன் பேச்சு எனக்குத் தெரியாதா? நாந்தான் நங்கூரம்னு அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா எழுத மாட்டான். நாங்க பேசிக்கிடுதது இல்ல. பேட்டரி மோட்டார வள்ளத்துல மாட்டி நாலு பேருக்குக் காட்டுதேன்னு போனான். நடுவுல நின்னுபோச்சு. கட்டி இழுத்துட்டு வந்தாவ. கரையில வச்சு, அத்தனை பேரு முன்னால நான் ஒரு சொல்லு சொல்லிட்டேன். அதோட போச்சு. தை பொறந்தா கடைக்கு நடுவுல சுவரு வச்சு ஆளுக்குப் பாதியாப் பிரிச்சிருவோம். அதுவரைக்கும் இந்தப் பேச்சாவது ஓடட்டும். அவங்கிட்ட சொல்லிராதீங்க."

கொஞ்ச நேரத்தில் மின்மினியின் குரல். பெண் பிள்ளை இல்லை. அதே சாயல் குரல், கொஞ்சம் இளசு, கொஞ்சம் வேகம்.

"மேடம், நங்கூரம் எங்க அண்ணன்தான். எனக்கு மொதல்லயே தெரியும். நாந்தான்னு அவருக்குத் தெரியாது. கடையில எங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னா வந்திருக்க ஆளுகிட்ட சொல்லுத மாதிரி சொல்லுவாரு. நானும் அப்படித்தான். வருசம் ஆயிப்போச்சு. இங்கனதான் எங்கிட்ட நேராப் பேசுதாரு. நான் சொன்னத திருப்பிச் சொல்லுதாரு மேடம், நியாயமான பேச்சுன்னு சொல்லுதாரு. இத நிப்பாட்டிராதீங்க. அவருகிட்டயும் சொல்லிராதீங்க."

இரண்டு பதிவிலும் பின்னால் ஒரே சத்தம். பக்கத்துப் பட்டறையில் இரும்பைத் தேய்க்கிற சத்தம். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைப்பானேன், வந்தது. எதிரெதிர் மேசையில் இருந்துகொண்டு, அவனுக்குத் தெரியாது என்று இவரும், அவருக்குத் தெரியாது என்று அவனும். நடுவில் தெரிந்தவள் நான் ஒருத்தி.

சென்னைக்குச் சொன்னேன். "ரெண்டு பேருதான். குரலைக் கேட்டுட்டேன்."

"சூப்பர்க்கா. அனுப்புங்க, ஆளு பேரு இல்லாம போட்டுடலாம்."

"அனுப்ப மாட்டேன். வெளிய சொல்லாதீங்கன்னு சொல்லிக் கொடுத்தது."

"எனக்குமா?"

"ஒனக்கும்தான்."

அவள் கோபப்படவில்லை. பெருமூச்சு விட்டாள். "நான் உங்களை நம்புறேன். எழுதுறவங்க நம்பணுமே அக்கா."

நம்பவில்லை. 'இருவர்தான், விசாரித்துவிட்டேன், இதற்கு மேல் சொல்ல மாட்டேன்' என்று பொதுவில் எழுதினேன். ஆதாரம் எங்கே என்று அவர் கேட்டார். அவர் கேட்பது நியாயம்தான், அதுதான் எரிச்சலாக இருந்தது. மட்டுறுத்துகிற அம்மாவுக்கு வேண்டப்பட்டவர் போல என்று வேறு சிலர் எழுதினார்கள். அதையும் நான்தான் வாசித்து, கெட்ட வார்த்தை இல்லை என்று பார்த்து, விட வேண்டும். என்ன பிழைப்பு சொல்லுங்கள்.

கடைசியில் கோயம்புத்தூர்க்காரரே ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் ஒரே நேரத்தில் வந்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நேருக்குநேர் எழுத வேண்டும். ஒரு கேள்விக்கு இருவரும் ஒரே சமயத்தில் பதில் தர வேண்டும். ஒரே ஆளால் இரண்டு கையாலும் இரண்டு வாதம் எழுத முடியாது. சென்னை ஒத்துக்கொண்டது. ஆச்சரியம், அண்ணனும் தம்பியும்கூட ஒத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏதோ சாக்குச் சொல்லி இருவரும் கடைக்கு வந்துவிடுவார்களாம். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. தோற்றால் இத்தனை நாள் அவர்கள் பேசினது அத்தனையும் அழிந்துபோகும். ஜெயித்தாலும், எதிர் மேசையில் தட்டச்சுச் சத்தம் கேட்கும்போது எதிராளிக்கும் எல்லாம் தெரியும் என்று இருவருக்கும் வெளிச்சமாகிவிடும். ரோசக்காரர்கள். வெளிச்சமானால் எழுதுவார்களா? சுவர்தான் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காற்றே இல்லை. காற்றாலைகள் அசையாமல் நின்றன. நான் திரை முன்னால் உட்கார்ந்தேன். ஒரே கூட்டம். கேள்வி போட்டேன். நங்கூரமும் மின்மினியும் எழுத ஆரம்பித்தார்கள். 'எழுதுகிறார்' என்ற அடையாளம் இரண்டு பெயருக்குப் பக்கத்திலும் ஒன்றாகத் துடித்தது. முதல் பதில் வந்தது, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக. இரண்டாவதும் வந்தது. கூட்டம் அமைதியாகிவிட்டது. மூன்றாவது கேள்வியைப் போட்டேன்.

மூன்றாவது கேள்விக்குப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டு அடையாளமும் அணைந்துபோயின. இரண்டும் ஒரே நொடியில்.

காத்திருந்தோம். வரவில்லை. முதலில் ஒருவர் சிரிப்புப் படம் போட்டார். பிறகு ஆளாளுக்கு. மாட்டிக்கொண்டான், கை வலித்துவிட்டது போல, ஆள் எஸ்கேப். கோயம்புத்தூர்க்காரர் மட்டும் எதுவும் எழுதவில்லை. போன் அடித்தது.

"அக்கா, போதும். தூக்கிடுங்க."

"கரண்ட்டு போயிருக்கும்."

"உங்க வீட்ல இருக்கா?"

என் தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "எங்க வீட்டுல இருக்கு. எங்க ஊர்ல தெருவுக்குத் தெரு போகும், தெருவுக்குத் தெரு வரும்."

"கரண்ட் போனா போன்ல வரலாமே?"

அவர்கள் கடை எங்கே, அங்கே என்ன நிலவரம், ஒன்றும் எனக்குத் தெரியாது.

"அக்கா, நீங்க அமுக்கலேன்னா நான் இங்கேர்ந்து அமுக்கணும். மொத்தப் பேரும் பாத்துட்டு இருக்காங்க."

எனக்குக் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். "நீ அமுக்கு. ஆனா அமுக்குன பிறகு எனக்கு வேற ஆளப் பாத்துக்கோ. நான் மிரட்டல. அந்த ரெண்டு குரலையும் கேட்டுட்டு, ஒரே ஆளுன்னு எழுதிட்டு, அதுக்குப் பிறகு இந்த நாற்காலியில உக்காந்து இன்னொருத்தன் பேச்ச என்னால வெட்ட முடியாது. அவ்வளவுதான்."

அவள் உடனே அமுக்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பிறகு, "இருட்டுற வரைக்கும் பாப்போம்க்கா" என்றாள்.

அப்புறம் இருந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வெளியே வெயில் தணிந்து, உப்பளப் பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது. திரையில் ஏளனம் மேலேறிக்கொண்டே போனது. நான் எதையும் வெட்டவில்லை, எதற்கும் பதில் எழுதவில்லை. ஏதோ ஒரு சந்தில், மூடின கடைக்குள், இருட்டில், எதிரெதிரே இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்திருப்பது மாதிரி கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது. பேசுங்களேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். காப்பி கொண்டுவந்த வீட்டுக்காரர், தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து, "என்னத்தப் பேச?" என்றார்.

இருட்டுகிற நேரத்தில் மின்மினியிடம் இருந்து எனக்குத் தனியாக ஒரு குரல்பதிவு வந்து விழுந்தது. மின்சாரம் போனதும் பதிந்திருக்கிறான். அந்தக் கடை இரும்புத்தகடு போட்ட சரக்குக் கிட்டங்கிகளுக்கு நடுவே இருக்கிறது, உள்ளே போனில் சிக்னல் எடுக்காது. இணைய இணைப்பு திரும்ப வந்ததும் தானாக வந்திருக்கிறது.

"மேடம், கரண்ட்டு போயிட்டு. எங்க பேர எடுத்துராதீங்க. இப்ப வந்துருவோம்," என்று அவசரமாக ஆரம்பித்தான். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். போனைக் கீழே வைத்தவன் பதிவை நிறுத்த மறந்துவிட்டான். காலடிச் சத்தம். எதையோ தட்டிவிடுகிற சத்தம். பிறகு அண்ணனின் குரல்.

"ஏலே, பாத்து. அங்கன பைப்பு கெடக்கு."

ஒரு வருஷத்துக்கு மேல் நேராகப் பேசாதவர் பேசின முதல் பேச்சு அது. ஜெனரேட்டரை இயக்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது. கிர் கிர் என்று இழுத்துவிட்டு நின்றுபோனது. மறுபடியும் இழுத்து நின்றது.

"செல்ஃப் எடுக்கல. பேட்டரி எறங்கிட்டு," என்றார் அண்ணன்.

"எங்கிட்ட இருக்குல்லா, சாம்பிளுக்கு வந்த பேட்டரி. அத வச்சு ஸ்டார்ட் பண்ணலாம்."

"அந்த உப்பு பேட்டரியா?"

"ஆமா."

"எடு."

ஒயர் இழுக்கிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம். திடீரென்று அண்ணன் பேசினார், வேலைக்கு நடுவில் பேசுகிற குரலில்.

"அன்னைக்கு அந்த மோட்டாரு ஏன் நின்னுச்சு, தெரியுமா? மோட்டாருல பழுதில்ல. பேட்டரியிலயும் பழுதில்ல. ஒயர் மாட்டுத எடத்துல உப்புத்தண்ணி ஏறியிருக்கு. ஒரு ரப்பர் வாசர் போட்டிருந்தா நின்னிருக்காது."

ஒயர் இழுக்கிற சத்தம் நின்றது. பிறகு தம்பி கேட்டான். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கழட்டிப் பாத்தேன்."

"எப்ப?"

"நீ இல்லாதப்ப. ரெண்டு மூணு தடவ கழட்டிப் பாத்தேன். நல்ல மோட்டாருலே அது. நாந்தான் அன்னைக்கு..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. அந்த இரைச்சலில் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பதிவும் அதன் நேர அளவு தீர்ந்து நின்றுபோனது.

ஊர் கேட்ட ஆதாரம் என் கையில் இருந்தது. போட்டிருந்தால் அந்த நிமிடமே அத்தனை வாயும் அடைத்திருக்கும். என் பெயரும் துலங்கியிருக்கும். ஆசை இல்லாமல் இல்லை. விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போனது. பிறகு அந்தப் பதிவை அழித்துவிட்டு, சென்னைக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு பேருதான். இப்ப ரெண்டு பேரும் பேசுனதச் சேத்துக் கேட்டேன். அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டீங்களா?"

"ஆமா. அது நமக்கு வந்தது இல்ல."

அவள் சிரித்தாள். என்ன சிரிப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "சரிக்கா. நானும் கேட்டேன்னு போட்டுடறேன்" என்றாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவள் போட வேண்டிய அவசியம் வரவில்லை. அதற்குள் மின்மினி பொதுவில் எழுதிவிட்டான். "நாங்கள் இருவர். அண்ணன் தம்பி. மின்சாரம் போய்விட்டது, மன்னிக்கவும். நம்பாதவர்கள் கடைக்கு வரலாம்" என்று சொல்லி, துறைமுகத்துக்குப் போகிற வழியில் எந்தச் சந்து, எத்தனையாவது கடை என்பதுவரை எழுதியிருந்தான். கோயம்புத்தூர்க்காரர் மன்னிப்புக் கேட்டார். ஆதாரம் கிடைத்துவிட்டது என்று எழுதினார். நல்ல மனுஷர், நான் அவரை எப்போதும் குறை சொல்ல மாட்டேன்.

பிள்ளைகளே, ஒரே இடத்தில் இருந்து இரண்டு சத்தம் வந்தால் உடனே திருட்டுப் பட்டம் கட்டாதீர்கள். முதலில் அது ஒரு வீடாக இருக்கலாம் என்று நினையுங்கள். எதிராளி சொன்னதை ஒருவன் அத்தனை அழகாகத் திருப்பிச் சொன்னால் சந்தேகப்படாதீர்கள். அவன் ரொம்ப நாளாக அந்த ஆளுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறான். அடுத்தவர் வீட்டுப் பேச்சு கையில் வந்து விழுந்தால், அதை வைத்து உங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் பேச்சு வாங்கிக்கொண்டால் ஒன்றும் செத்துப்போக மாட்டீர்கள். இதைத்தான் சொல்ல உட்கார்ந்தேன், சொல்லிவிட்டேன். ஆனால் நடந்தது அதோடு முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நங்கூரம் எழுதவில்லை. மின்மினியும் எழுதவில்லை. முதலில், நாளைக்கு வருவார்கள் என்று இருந்தேன். சோடியம் பற்றி இன்னொரு செய்தி வந்தது, வரவில்லை. எங்கள் கடலுக்குள் காற்றாலை நடுவதைப் பற்றி வந்தது, அதற்கும் வரவில்லை. மற்றவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். எனக்கு மத்தியானங்கள் வெறிச்சென்று ஆகிவிட்டன. அதே காற்று, அதே வெள்ளைப் பாத்திகள், அதே கானல். ஆனால் பாதித் தூக்கத்தில் கேட்க அந்த இரண்டு குரலும் இல்லை. ரோசக்காரர்கள், வெளிச்சமானதும் முறித்துக்கொண்டார்கள், தை பிறந்து சுவரும் எழும்பியிருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்தப் பரீட்சைக்கு நான் ஒத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தை கழிந்து மாசியில், வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு ஒரு வாசர் வேண்டியிருந்தது. பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும். நான் ஆட்டோ பிடித்துத் துறைமுகச் சாலைக்குப் போனேன். சந்துக்குள் திரும்பும்போதே இரும்பைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. கடை வாசலில் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் சுவர் இல்லை. எதிரெதிரே இரண்டு மேசை. இருவரும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கப்பலுக்கு அமோனியா ஊத்தி ஓட்டப்போறானாம். மூக்குல துணியக் கட்டிக்கிட்டு எஞ்சின் ரூமுக்குப் போவியாலே?"

"டீசல் புகை மட்டும் பன்னீரா மணக்கு? மூளை இருக்கவன் பேசுத பேச்சா இது?"

"யாரப் பாத்துலே மூளை இல்லன்னு சொல்லுத?"

"ஒன்னையத்தான். எதிர்த்தாப்புல வேற யாரு இருக்கா?"

நின்றவர்களில் ஒருவர் என்னிடம் சலித்துக்கொண்டார். "இப்ப எல்லாம் இங்க சாமான் வாங்க முடியலம்மா. நாள் பூரா இதே கூத்துதான். முன்னால வாயத் திறக்காம இருந்தானுவ, அப்ப நல்லா இருந்துச்சு."

"அண்ணாச்சி, ஒரு வாசர்" என்றேன். பெரியவர் என் பக்கம் திரும்பாமலே, "என்ன சைசும்மா, கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. சொல்லவும் இல்லை. அந்த வாக்குவாதத்தில் நான் பார்த்த மாத்திரத்தில் எடுத்துவிடுகிற வார்த்தைகள் ஆறேழு இருந்தன. அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லி, ஓரமாகக் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.